இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்தால்...

(ஜமாஅத்தின் கல்விப் பரிசளிப்பு நிகழ்ச்சியில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

புகழனைத்தும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரித்தாகட்டும். அவனுடைய அருளும் அமைதியும் இறுதித் தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

     

ஒவ்வோராண்டும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்ததும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பெற்றோர் நம்மிடம் வருகிறார்கள். முன்பெல்லாம் அவர்கள் கொண்டு வந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "ஹஜ்ரத், எங்காவது ஓர் இடம் கிடைக்குமா?" இப்போது கேள்வி மாறியிருக்கிறது. "இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது, எதில் சேர்க்கட்டும்?" என்று கேட்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ்! இது அல்லாஹ் நமக்களித்த நிஃமத். நிஃமத் எதுவாயினும் அதைப் பற்றி விசாரணை உண்டு என்பதை நாம் மறந்துவிடலாகாது. ஆகவே இவ்வாண்டு இந்தக் கேள்வியையே நமது உரையின் பொருளாக எடுத்துக்கொண்டோம்.

பெரும்பாலும் இந்தக் கேள்வி எப்படி வருகிறது? மகனுக்குச் சென்னை இராயப்பேட்டையிலுள்ள நியூ காலேஜில் ஓர் இடம். நுங்கம்பாக்கத்திலுள்ள லயோலாவில் ஓர் இடம். மகளாக இருந்தால், நீதிபதி பஷீர் அஹ்மது சயீத் மகளிர் கல்லூரியில் ஓர் இடம். ஸ்டெல்லா மாரிஸில் ஓர் இடம். ஒன்று நம்மவர் நடத்துவது, மற்றொன்று கிறித்தவர் நடத்துவது. "ஹஜ்ரத், தீனுக்கு எது நல்லது?" என்று தாய் கேட்கிறார். "எதிர்காலத்திற்கு எது நல்லது?" என்று தகப்பனார் கேட்கிறார். பிள்ளையோ தலை குனிந்து நிற்கிறது. அதனிடம் யாரும் கேட்பதில்லை.

இந்தக் கல்லூரிகள் எப்படி எழுந்தன?

முதலில் நாம் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். லயோலா கல்லூரியை இயேசு சபைப் பாதிரிமார்கள் 1925-ஆம் ஆண்டு தொடங்கினார்கள். நியூ காலேஜைத் தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம் 1951-இல் தொடங்கியது. அதே 1951-இல்தான் திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரியும் பிறந்தது. அதற்கும் முன்னதாக 1919-இலேயே வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்துவிட்டது. நீதிபதி பஷீர் அஹ்மது சயீத் அவர்கள் பெண்களுக்கென்றே சென்னையில் 1955-இல் கல்லூரி கண்டார்கள். முஸ்லிம் வீட்டுப் பெண் பள்ளிப்படிப்பை முடிப்பதே அரிதாயிருந்த காலம் அது என்பதை எண்ணிப் பாருங்கள்.

தோல் வணிகரும், துணி வணிகரும், நிலக்கிழாரும், சாதாரண மக்களும் தங்கள் ஹலாலான சம்பாத்தியத்திலிருந்து கொடுத்த பொருளே இந்தக் கட்டடங்களாக நிற்கிறது. நம் பிள்ளைகளுக்குக் கதவு திறக்க வேண்டும் என்பதற்காகவே அந்தப் பெரியவர்கள் பாடுபட்டார்கள். பிற சமூகத்துப் பிள்ளைகளையும் அவர்கள் வரவேற்றார்கள்; வேறு கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளையைக் குற்றவாளியாக்குவது அவர்களுடைய நோக்கமன்று.

மதத்தாலும் மொழியாலும் சிறுபான்மையினரான அனைவரும் கல்வி நிலையங்களை அமைத்து நடத்திக்கொள்ள அரசியல் சட்டத்தின் 30-ஆவது பிரிவு உரிமை தருகிறது. நியூ காலேஜுக்கு எந்த உரிமையோ அதே உரிமைதான் லயோலாவுக்கும். ஆனால் பெற்றோர் இதிலொரு நுட்பத்தை அறிந்திருக்க வேண்டும். சிறுபான்மைக் கல்லூரி ஒரு பகுதி இடங்களைத் தன் சமூகத்தாருக்கென வைத்துக்கொள்ளலாம். ஆகவே நம் கல்லூரியில் நம் பிள்ளைக்குக் கிடைக்கும் முன்னுரிமை கிறித்தவக் கல்லூரியில் கிடைக்காது. 2007-இல் தமிழக அரசு முஸ்லிம்களுக்கு அளித்த 3.5 சதவீத இட ஒதுக்கீடும் சிறுபான்மைக் கல்லூரிகளைக் கட்டுப்படுத்துவதன்று. இதை அறியாமல் "ஒதுக்கீடு இருக்கிறதே, எப்படியும் கிடைத்துவிடும்" என்று ஓரிடத்தில் மட்டும் விண்ணப்பித்துவிட்டு, பின்னர் கைபிசைந்து நிற்பவர்களைப் பார்க்கிறோம்.

பிறரிடம் கற்பது தீனுக்கு விரோதமா?

பாதிரிமார் கல்லூரியில் படித்தால் ஈமான் போய்விடும் என்று கூறும் சிலர் நம்மிடையே உண்டு. அவர்களுடைய அச்சம் பிள்ளையின் மீதுள்ள அன்பினால் வருவது. எனினும் மார்க்கம் என்ன கூறுகிறது என்று பார்ப்போம்.

பெருமானார் (ஸல்) அவர்கள் மக்காவிலிருந்து மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்தபோது வழிகாட்டியாக அமர்த்திக்கொண்டவர் அப்துல்லாஹ் பின் உரைகித். அவர் அப்போது முஸ்லிமல்லர். ஆனால் பாலைவனப் பாதைகளை நன்கறிந்தவர், நம்பத்தகுந்தவர். உயிருக்கே ஆபத்தான அந்தப் பயணத்தில் அவருடைய அறிவையும் நாணயத்தையும் நபியவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். பத்ருப் போரில் பிடிபட்டவர்களுள் பிணைத்தொகை தர இயலாதவர்கள் மதீனத்துச் சிறுவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்பித்து விடுதலை பெற்றார்கள் என்பதும், யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு ஜைத் பின் தாபித் (ரலி) அவர்களுக்குக் கட்டளையிடப்பட்டது என்பதும் நாமெல்லாம் அறிந்த செய்திகள். ஆகவே, ஆகுமான கல்வியைப் பிறரிடம் கற்பது குற்றமன்று. கற்கச் சென்ற இடத்தில் தொழுகையைத் தொலைப்பதுதான் குற்றம். அந்தக் குற்றத்தை நம் கல்லூரியிலும் செய்யலாம், பிறர் கல்லூரியிலும் செய்யலாம்.

நம் காலத்துச் சான்று வேண்டுமா? இராமேஸ்வரத்தில் தொழுகையும் பேணுதலும் மிக்க குடும்பத்தில் பிறந்தவர் முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவர்கள். 1950-இல் அவர் சேர்ந்தது திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி. அதுவும் இயேசு சபையாரின் கல்லூரியே. அவருடைய அடையாளம் அங்கே அழிந்துவிடவில்லை. ஆனால் அவருடைய வரலாற்றில் நாம் கவனிக்கத் தவறும் செய்தி வேறொன்றுண்டு. தமக்கு ஏற்றது இயற்பியலன்று, பொறியியலே என்பதை அவர் உணர்ந்தது பட்டப்படிப்பை முடிக்கும் தறுவாயில்தான். பின்னர் குரோம்பேட்டையிலுள்ள எம்.ஐ.டி.யில் சேர வேண்டியிருந்தது. கட்டணத்திற்குக் கையில் பணமில்லை. அவருடைய சகோதரி ஜொஹரா தம்முடைய தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். கல்லூரி எவ்வளவு சிறந்ததாயினும், எந்தப் பாடம் என்னும் கேள்விக்கு அது விடையாகிவிடாது என்பது இதில் நமக்குள்ள படிப்பினை.

ஆலோசனை கூறுவது அமானிதம்

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர் என்ன செய்ய வேண்டும்? மஷ்வரா செய்ய வேண்டும். ஆலோசனை கேட்கப்பட்டவரிடம் ஓர் அமானிதம் ஒப்படைக்கப்பட்டுள்ளது என்பது நபிமொழி.

பாத்திமா பின்த் கைஸ் (ரலி) என்ற பெண்மணியை முஆவியா அவர்களும் அபூஜஹ்ம் அவர்களும் பெண் கேட்டனர். அவர் நபியவர்களிடம் வந்து ஆலோசனை கேட்டார். "இருவரும் நல்லவர்கள், உன் விருப்பம்" என்று நபியவர்கள் மேலோட்டமாகச் சொல்லி அனுப்பிவிடவில்லை. ஒருவர் கையில் பொருளில்லாதவர், மற்றவர் பெண்களிடம் கடுமை காட்டுபவர் என்று இருவரின் நிலையையும் ஒளிக்காமல் எடுத்துரைத்து, உஸாமா (ரலி) அவர்களை மணந்துகொள்ளுமாறு வழிகாட்டினார்கள். அந்த அம்மையாருக்கு முதலில் மனமில்லை. பின்னர் ஏற்றார், நலம் கண்டார். உள்ளதை உள்ளபடி கூறுவதே ஆலோசனை என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேறென்ன வேண்டும்?

நம் ஊரில் நடப்பதென்ன? அத்தை மகன் படித்த கல்லூரி என்பதற்காக ஒருவர் புகழ்கிறார். தம் பிள்ளைக்கு இடம் கிடைக்காத கல்லூரியை மற்றொருவர் இகழ்கிறார். இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் கூபா நகரில் பட்டுத்துணி வணிகம் செய்தவர்கள். குறையுள்ள ஒரு துணியை, அதன் குறையைச் சொல்லி விற்குமாறு தம் கூட்டாளியிடம் கொடுத்திருந்தார்கள். அவர் மறந்து, சொல்லாமலே விற்றுவிட்டார். செய்தி அறிந்த இமாமவர்கள் அந்தச் சரக்கில் வந்த பணம் முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள். ஒரு முழத் துணியின் குறையை மறைப்பதே இவ்வளவு பெரிது என்றால், ஒரு பிள்ளையின் மூன்றாண்டு வாழ்வைப் பற்றிய குறையை மறைப்பது எவ்வளவு பெரிது!

நாம் காஞ்சிபுரத்துக்காரர்கள். கடையின் பெயரைப் பார்த்து மட்டும் சேலை வாங்க மாட்டோம். சரிகை அசல்தானா என்று கேட்போம், எடை பார்ப்போம், உடலும் கரையும் சேரும் கோர்வையைத் திருப்பிப் பார்ப்போம். கல்லூரியையும் அவ்வாறே திருப்பிப் பார்க்க வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

முதலாவது: எந்தப் பாடம், எந்தப் பிரிவு? ஒரே கல்லூரியில் அரசு உதவி பெறும் பிரிவும் உண்டு, சுயநிதிப் பிரிவும் உண்டு. உதவி பெறும் பிரிவில் ஆசிரியருக்கு அரசு ஊதியம் தருவதால் கட்டணம் குறைவு. சுயநிதியில் அந்தச் செலவு மாணவர் தலையில் விழுவதால் கட்டணம் பன்மடங்கு. வாயிலில் எழுதியிருக்கும் பெயர் ஒன்றுதான். ஆனால் வீட்டுக்கு வரும் சுமை ஒன்றன்று. நியூ காலேஜும் லயோலாவும் இன்று தன்னாட்சிக் கல்லூரிகள். பாடத்திட்டத்தையும் தேர்வையும் அவை தாமே அமைத்துக்கொள்கின்றன. பட்டம் வழங்குவதோ சென்னைப் பல்கலைக்கழகமே. ஆகவே இரண்டு கல்லூரிகளின் பாடத்திட்டத்தையும் கேட்டு வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அந்தத் துறையில் சென்ற ஆண்டு முடித்தவர்கள் இருவரையாவது தேடிப்பிடித்துப் பேசுங்கள்.

இரண்டாவது: பணம் எங்கிருந்து வரும்? இதை நாம் வெளிப்படையாகப் பேச வேண்டும். வட்டி ஹராம் என்பதில் இரண்டு கருத்தில்லை. வட்டிக்குக் கடன் வாங்கினால்தான் ஒரு கல்லூரியில் சேர முடியும், வாங்காமலே மற்றொன்றில் சேர முடியும் என்றால், அங்கே தேர்வு முடிந்துவிட்டது. பெயருக்காக வட்டியைச் சுமக்க வேண்டியதில்லை. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் 2022 முதலும், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 முதலும் மாதம் 1,000 ரூபாய் அரசு தருகிறது. உரியவர்கள் அதைக் கேட்டுப் பெற வெட்கப்பட வேண்டாம்.

மூன்றாவது: போக்குவரத்தா, விடுதியா? காஞ்சிபுரத்திலிருந்து செங்கற்பட்டு, தாம்பரம் வழியாகச் செல்லும் ரயிலில் நுங்கம்பாக்கம் சேர இரண்டு மணி நேரத்திற்கு மேலாகும். அங்கிருந்து லயோலாவுக்கு நடந்து செல்லலாம். இராயப்பேட்டைக்கு இன்னொரு பேருந்து ஏற வேண்டும். நாளொன்றுக்கு நான்கைந்து மணி நேரம் பயணத்தில் கழித்தால் படிப்பது எப்போது? பஜ்ரு தொழுவது எங்கே? விடுதி என்றால் அங்கே உணவு எப்படி, தொழ இடமுண்டா, ஜும்ஆவுக்குச் செல்ல நேரம் தருகிறார்களா, எந்தப் பள்ளிவாசல் அருகிலுள்ளது, பெண் பிள்ளையாயின் உடை பற்றிய விதிகள் என்ன என்பவற்றைச் சேர்வதற்கு முன்பே நேரில் சென்று கேளுங்கள். நியூ காலேஜ் வளாகத்திலேயே பள்ளிவாசல் உண்டு. இது பெரும் வசதிதான். ஆனால் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் இருந்தும் தொழாதவர் நம் தெருவிலேயே இல்லையா? வசதி வேறு, தர்பியத் வேறு. பதினேழு ஆண்டுகள் நம் வீட்டில் பெறாததை மூன்றாண்டில் எந்தக் கல்லூரியும் கொடுத்துவிடாது.

நான்காவது கேள்வியைப் பிள்ளையிடம் கேட்க வேண்டும்: "உனக்கு எது விருப்பம்? ஏன்?" 'ஏன்' என்பதற்கு அது சொல்லும் விடையில் பாதி முடிவு கிடைத்துவிடும். தோழன் சேர்கிறான் என்பது விடையாகாது. இந்தப் பாடத்தை இன்ன நோக்கத்திற்காகப் படிக்க விரும்புகிறேன் என்பது விடை.

இரண்டு வீடுகள்

பட்டுக்கடை ஒன்றில் கணக்கெழுதும் ஒரு சகோதரர் தம் மகனுடன் நம்மிடம் வந்தார். லயோலாவில் சுயநிதிப் பிரிவில் பி.காம்.; நியூ காலேஜில் உதவி பெறும் பிரிவில் பி.காம். "லயோலா என்றால் பெண் கொடுப்பவர்கள்கூட மதிப்பார்கள்" என்று உறவினர் கூறினாராம். பிள்ளையைத் தனியே கேட்டோம். பட்டயக் கணக்காளர் தேர்வு எழுத வேண்டும் என்பது அவனுடைய எண்ணம். "மூன்றாண்டும் வாப்பா கடன் வாங்கினால், அதன் பிறகு அந்தத் தேர்வுக்கு யாரிடம் வாங்குவது?" என்று அவனே கேட்டான். அதற்கு மேல் நாம் சொல்ல என்ன இருக்கிறது? அவன் இராயப்பேட்டைக்குச் சென்றான்.

மற்றொரு வீட்டில் மகளுக்குக் கணிதத்தில் மிகுந்த மதிப்பெண். கிறித்தவச் சபையார் நடத்தும் மகளிர் கல்லூரியில் உதவி பெறும் பிரிவில் இடம், விடுதியும் உண்டு. நம்மவர் கல்லூரியில் அவள் கேட்ட பாடம் கிடைக்கவில்லை, வேறு பாடமே கிடைத்தது. தகப்பனார், "அப்படியானால் வீட்டிலேயே இருக்கட்டும்" என்று கூறிவிட்டார். பெருமக்களே, இதைத்தான் நாம் இன்று அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். மகனுக்கு 'இந்தக் கல்லூரியா, அந்தக் கல்லூரியா' என்ற கேள்வி. மகளுக்கோ அதே கேள்வி 'கல்லூரியா, வீடா' என்று மாறிவிடுகிறது. இது நீதியா? பிள்ளைகளிடையே நீதமாக நடக்க வேண்டும் என்பது நபியவர்களின் கட்டளையல்லவா? அவளுடைய தாயாரும் பெரியம்மாவும் நேரில் சென்று விடுதியைப் பார்த்தார்கள், விடுதிக் காப்பாளரிடம் பேசினார்கள், தொழுகைக்கும் உடைக்கும் தடையில்லை என்று அறிந்து திரும்பினார்கள். பார்த்து வந்தவர்கள் சொன்ன பிறகு தகப்பனாரின் அச்சம் தணிந்தது. அவள் இன்று அங்கே படிக்கிறாள்.

இரண்டு வீட்டு முடிவுகளும் வேறு வேறு; ஆனால் முடிவெடுத்த முறை ஒன்றுதான். கேட்டார்கள், பார்த்தார்கள், உள்ளதைப் பேசினார்கள், பிள்ளையின் வாயிலிருந்து கேட்டார்கள். இன்ன கல்லூரிதான் சிறந்தது என்று இந்த மேடையிலிருந்து நாம் ஒரு பெயரைச் சொல்லாததற்குக் காரணம் இதுவே.

இஸ்திகாரா

இவற்றையெல்லாம் செய்த பிறகு இஸ்திகாரா. திருக்குர்ஆனின் அத்தியாயத்தைக் கற்றுத் தருவது போல் எல்லாக் காரியங்களுக்கும் இஸ்திகாராவை நபியவர்கள் கற்றுத் தந்ததாக ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். ஆனால் நம்மில் பலர், இரண்டு ரக்அத் தொழுதுவிட்டுக் கனவுக்காகக் காத்திருக்கிறார்கள். கனவு வர வேண்டும் என்பது நிபந்தனையன்று. விசாரித்து ஒரு முடிவை நோக்கி நகர்ந்து, "யா அல்லாஹ், இது நலமாயின் எளிதாக்கு, தீங்காயின் திருப்பிவிடு" என்று அவனிடம் ஒப்படைப்பதே இஸ்திகாரா. ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் வைப்பது நபிவழியன்று. தொழ வேண்டியதும் பெற்றோர் மட்டுமல்லர், பிள்ளையும் தொழட்டும்.

முடிவெடுத்தபின் தாமதிக்காதீர்கள். இரண்டு இடத்திலும் கட்டணம் கட்டிவிட்டு மாதக்கணக்கில் ஊசலாடுவது நமக்கும் நஷ்டம், அந்த இடத்திற்காகக் காத்திருக்கும் ஏழைப் பிள்ளைக்கும் நஷ்டம். பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வெளியிட்ட அறிவிக்கையின்படி, சேர்க்கையின் கடைசி நாளுக்குப் பதினைந்து நாள்களுக்கு முன்பே விலகினால், 5,000 ரூபாய்க்கு மேற்படாத சிறு தொகை நீங்கலாகக் கட்டணம் முழுவதும் திரும்பக் கிடைக்க வேண்டும். நாள் செல்லச் செல்ல அது குறையும். கடைசி நாளுக்குப் பின் முப்பது நாள் கடந்தால் ஒன்றும் கிடைக்காது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடாது; சரிபார்த்ததும் திருப்பித் தர வேண்டும். இவற்றை அறிந்து பணிவாகவும் உறுதியாகவும் கேளுங்கள்.

ஜமாஅத்தின் கடமை

இமாம் அபூயூசுப் (ரஹ்) அவர்கள் வறிய வீட்டுப் பிள்ளை. படிப்பை விட்டுப் பிழைப்பைப் பார் என்று வீட்டார் இழுத்தபோது, இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் பணம் கொடுத்து ஆதரித்துக் கற்பித்தார்கள். அந்தப் பிள்ளைதான் பிற்காலத்தில் ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் தலைமை காஜியானார். பட்டு வணிகத்தில் வந்த பொருள் ஒரு மாமேதையை உருவாக்கிற்று. பட்டு வணிகம் நம் ஊரிலும் இருக்கிறது.

ஆகவே நிர்வாகக் குழுவினருக்கு மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். ஒன்று, பைத்துல்மாலில் கல்விக்கெனத் தனியே வட்டியில்லாக் கடன் நிதி வைக்க வேண்டும். ஜகாத் பெறத் தகுதியுள்ள மாணவருக்கு ஜகாத்திலிருந்தும் வழங்கலாம். இரண்டு, மஹல்லாவில் பட்டம் பெற்றவர்களின் பெயர், படித்த கல்லூரி, பாடம் ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். கேட்க ஆளில்லாமல் எந்தப் பெற்றோரும் தவிக்கலாகாது. மூன்று, தேர்வு முடிவு வரும் வரை காத்திராமல் பிப்ரவரி மாதமே பெற்றோர் கூட்டம் நடத்த வேண்டும்.

இரண்டு கல்லூரியிலும் இடம் கிடைக்காத பிள்ளைகளும் இந்தச் சபையில் இருக்கிறார்கள். பிள்ளைகளே, மனம் உடையாதீர்கள். நம் ஊரிலேயே பச்சையப்பன் கல்லூரி இருக்கிறது. மேல்விஷாரத்தில் 1965 முதல் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி இருக்கிறது. வீட்டுச் சோறு உண்டு, தாய் தகப்பன் முகம் பார்த்துப் படித்து உயர்ந்தவர்கள் எத்தனையோ பேர். கல்லூரி நமக்கு வழிதான். நடக்க வேண்டியவர்கள் நாம்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைக் கொடுப்பாயாக! அவர்கள் எங்கிருந்தாலும் தொழுகையைப் பேணுவோராக ஆக்குவாயாக! எங்கள் பெண்மக்களுக்கு நீதி செய்யும் மனத்தை எங்களுக்குத் தருவாயாக! வட்டியின் தீங்கிலிருந்து எங்கள் வீடுகளைக் காப்பாயாக! கல்விச்சாலைகளைக் கட்டித் தந்து மறைந்த எங்கள் முன்னோரின் கப்ருகளை ஒளிமயமாக்குவாயாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.